வலப்பக்கம் சாய்ந்த முள்

காலை ஆறு மணிக்கு எடுத்த பேட்டரி அமிலத்தின் கிராவிட்டி ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஜெயவேல் கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தான். மிதவை அதே இடத்தில்தான் நின்றது. நேற்று மாலை ஆயிரத்து நூற்று எண்பது. ராத்திரி முழுக்க அலைமட்டக் கருவி ஓடியிருக்கிறது, வயர்லெஸ் செட் விழித்திருக்கிறது. இறங்கியிருக்க வேண்டிய பேட்டரி ஏறியிருந்தது.

அது டிராக்டர் இழுத்து வந்து நிறுத்திய வண்டிவீடு. இரண்டு சக்கரம், தகரச் சுவர், இரண்டு கட்டில். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, புதுத் துறைமுகத்துக்காகக் கடல் ஏறி இறங்குவதைக் குறிக்க சர்வே கம்பெனி அதை அந்த மணல் திட்டில் விட்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரியும். இந்தப் பக்கம் ஒரு கம்பி கிடையாது. கட்டிலுக்கு அடியில் இரண்டு பேட்டரி, கூரையில் சோலார் பலகை, வெளியே ஒரு மண்ணெண்ணெய் ஜெனரேட்டர். பேட்டரியைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது ஜெயவேலின் வேலை. அளவுக்கம்பத்தையும் சமையலையும் பார்த்துக்கொள்வது ஸ்டானிஸ்லாஸின் வேலை.

ஐந்து நாளாக வெயில் இல்லை. மூன்று நாளைக்கு முன் கடல் திட்டை இரண்டு பக்கமும் அறுத்துவிட்டது. அன்றே மண்ணெண்ணெயும் தீர்ந்தது. பேட்டரி படுத்தால் வயர்லெஸ் படுக்கும், வயர்லெஸ் படுத்தால் இவர்கள் இருக்கிறார்களா என்று கரையில் யாருக்கும் தெரியாது. ஜெயவேல் விசிறியை நிறுத்தி, பல்பைக் கழற்றி, சொட்டுச் சொட்டாகச் சேமித்துக்கொண்டிருந்தான். கணக்குப்படி இன்றோ நாளையோ முடிந்துபோக வேண்டிய சரக்கு. ஏறியிருக்கிறதே என்று அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"இன்னா ஜெயவேலு, காலங்காத்தால பேட்டரிய மோந்து பாத்துகினு கீற?" கட்டிலில் படுத்தபடியே ஸ்டானிஸ்லாஸ் கேட்டார். ராயபுரத்துக்காரர், ஜெயவேலைவிடப் பத்து வயது பெரியவர். மூன்று நாளாக எழுந்திருப்பதே சிரமமாக இருந்தது அவருக்கு.

"ராத்திரி ஜெனரேட்டர் போட்டியா அண்ணாத்தே?"

"எண்ண ஏது? என் ஒண்ணுக்க ஊத்தியா போட?"

ஜெயவேல் சிரிக்கவில்லை. வெளியே போய் ஜெனரேட்டரின் மேல் கை வைத்தான். சில்லென்றிருந்தது. டேங்கைத் திறந்து குச்சி விட்டான். குச்சி காய்ந்தே வந்தது. ஆனாலும் இந்த ஆள் எங்கோ ஒரு கேன் மறைத்து வைத்திருக்கிறார் என்று பட்டது. எதற்கு மறைக்க வேண்டும்? கட்டிலுக்குக் கீழே, அடுப்புக்குப் பின்னால், சக்கரங்களுக்கு நடுவே எல்லா இடத்திலும் தேடினான். ஈர மணலில் அவருடைய காலடித் தடம் ஒன்றே ஒன்று மட்டும் வடக்கே போய்த் திரும்பியிருந்தது.

திரும்பி வந்து சோலார் ஒயரைப் பிடுங்கினான். கருவியின் ஒயரையும் பிடுங்கினான். செட்டை அணைத்தான். பேட்டரியோடு சேர்ந்திருந்தது சுவரில் இருந்த ஆம்ப் மீட்டர் மட்டும். செலவானால் முள் இடப்பக்கம் சாயும், ஏறினால் வலப்பக்கம், சும்மா இருந்தால் நடுவில். அது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு நகக்கண் அளவு.

மீட்டரைத் தட்டினான். முள் நடுங்கி, அதே இடத்துக்குத் திரும்பியது.

மத்தியானம் பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தான். ஆறு அறைகளும் விளிம்பு வரை நிறைந்திருந்தன. பேட்டரித் தண்ணீர் கேன் போன வாரமே காலி. டெர்மினல்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, நீலம் கலந்த வெள்ளை, பூஞ்சை மாதிரி. புளித்த நாற்றம். அந்த நாற்றம் பெட்டியிலிருந்து மட்டும் வரவில்லை என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நிமிர்ந்தான். தலைக்கு மேலே கட்டிலின் விளிம்பில் ஸ்டானிஸ்லாஸின் கை தொங்கிக்கொண்டிருந்தது. நகக்கண்களில் அதே வெள்ளைப் பொடி. உதட்டு ஓரத்திலும்.

"பேட்டரிக்கு எந்தத் தண்ணி ஊத்துன?"

"ஊத்துத் தண்ணி. வடக்கால ஒரு குழி கீது. நாந்தான் ஊத்துனேன், நீ தூங்கிகினு இருந்த."

"நீ தோண்டுனியா?"

"இல்ல. தானா இருந்துச்சு. தேங்கா மூடி கணக்கா, வட்டமா." நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அலை மேல ஏறிப் போனாலும் உப்பு புடிக்கல நைனா. இன்னா ருசி தெரியுமா. நாலு நாளா அதான் குடிக்கிறேன். நேத்து நீ குட்ச்ச டீயும் அதான். குடிதண்ணி கேன்தான் காலியாச்சே."

கண்ணை மூடிக்கொண்டார். காத்திவாக்கத்தில் போய் நல்ல மீன் குழம்பு சாப்பிட வேண்டும் என்று முனகினார்.

ஐந்து மணிக்கே இருட்டியது. மழை தகரத்தில் விழும் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்க ஆரம்பித்தது, சக்கரங்களைச் சுற்றி மணலை யாரோ முறத்தால் வாரி எடுப்பது போல. கடல் கீழே வந்துவிட்டது. ஜெயவேல் செட்டைப் போட்டான். பச்சை விளக்கு இதுவரை இல்லாத வெளிச்சத்தோடு எரிந்தது.

"தவ்ஃபீக் பாய், தண்ணி சக்கரத்தாண்ட வந்துடுச்சு."

ராயபுரம் ஆபீசிலிருந்து தவ்ஃபீக்கின் குரல் வந்தது. "காலைல ஏழு மணிக்கு போட் வருது. முகத்துவாரம் தாண்டுனதும் நீ பேசிகினே இருக்கணும். உன் குரல் இல்லேன்னா திரும்பிடுவேன்றான் ஓட்றவன். செட்ட அணைக்காத. ஸ்டானி எப்டி கீறாரு?"

ஜெயவேல் திரும்பிப் பார்த்தான். போர்வைக்குள் அவர் பாதியாகியிருந்தார். கன்னம் ஒட்டி, தோல் சாம்பல் நிறமாக.

"தூங்கிகினு கீறாரு."

மைக்கை வைத்துவிட்டு அவருடைய நகக்கண்ணையும் மீட்டரின் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மண்டியிட்டு, கையைக் கட்டிலுக்கு அடியில் விட்டு, பேட்டரியின் கிளாம்பைத் திருகிக் கழற்றினான்.

பச்சை விளக்கு அணைந்தது. மழைச் சத்தம் பெரிதானது. இருட்டில் ஸ்டானிஸ்லாஸ் நீளமாக மூச்சு இழுத்தார். கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பசிக்குது நைனா," என்றார். தெளிவான குரல். மூன்று நாளாகக் கேட்காத குரல். "இன்னா இருட்டு. வெளக்கப் போடு."

வண்டி ஒரு பக்கமாக, விரற்கடை அளவு, இறங்கியது. அடியில் தண்ணீர் நக்கும் சத்தம். காலை ஏழு மணி வரைக்கும்தான் என்று ஜெயவேல் தனக்குள் சொல்லிக்கொண்டான். மனுஷன் தாங்குவார். ஏழு மணிக்குப் போட்டில் ஏற்றிவிடலாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். கையில் இருந்த கிளாம்ப் ஈரமாக இருந்தது.

"ஜெயவேலு? எங்க கீற?"

கிளாம்பைத் திரும்ப மாட்டினான்.

பச்சை விளக்கு எரிந்தது. கட்டில் கிறீச்சிட்டது. ஸ்டானிஸ்லாஸ் படுத்துவிட்டார். யாரோ மார்பில் கை வைத்து மெல்ல அழுத்திப் படுக்கவைத்தது போல இருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. அது இவனைத்தான் பார்த்தது.

ஜெயவேல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மீட்டரைப் பார்த்தான். வலப்பக்கம். ராத்திரி முழுக்க அதையே பார்த்தான். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மெலிந்தது. இடைவெளி விட்டது. ஒரு இடைவெளி நீண்டுகொண்டே போனது.

முள் நடுவுக்கு வந்தது.

பிறகு இடப்பக்கம் சாய்ந்தது.

அவன் திரும்பவில்லை. ஜன்னல் வெளுத்தது. ஆறரை. பச்சை விளக்கு மங்கியது. இன்னும் மங்கியது. அரை மணி நேரம். அரை மணி நேரம் தாங்கினால் போதும். இரண்டு கையையும் கூப்பி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாக்கில் புளிப்புத் தட்டியது.

பல் கூசியது. கால் குளிர்ந்தது. முழங்கால் வரை. இடுப்பு வரை.

விளக்கு பிரகாசமாக எரிந்தது.

முள் நடுவைத் தாண்டி வலப்பக்கம் நகர்ந்தது. நகக்கண் அளவு. இரண்டு நகக்கண். டீ நினைவுக்கு வந்தது. நன்றாக இருந்தது என்று இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்த டீ.

கிளாம்ப் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கை எழவில்லை.

தூரத்தில் போட் என்ஜின் சத்தம்.

"ஜெயவேலு, போட் முகத்துவாரத்தாண்ட வந்துடுச்சு," தவ்ஃபீக்கின் குரல் தகர வீடு அதிர வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல. "ஒரு வார்த்த பேசு. கீறியா?"

வாயைத் திறக்கப் பார்த்தான். உதடுகளின் மேல் வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருந்தது.

"ஜெயவேலு. கீறியா?"

என்ஜின் சத்தம் ஒரு இடத்தில் நின்று உறுமியது. காத்திருந்தது. பிறகு மெல்லத் திரும்பியது. முள் வலப்பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது.