பிடிக்கயிற்றில் சிவப்பு

சனிக்கிழமை, பிப்ரவரி 9. காலை 11.20.

இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பேஸ்டி இரண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, உறைந்து கிடந்த சுப்பீரியர் ஏரியின் மேல் அரை மைல் நடந்து வந்தாள் மார்லிஸ். கணவனின் தகரக் குடிலைத் தட்டினாள். பதில் இல்லை. கதவைத் தள்ளினாள்.

வாரன் ஹாப்பலா நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்னால் கவிழ்ந்திருந்தான். அவன் காலடியில், ஐஸில் வெட்டிய முக்கோண ஓட்டைக்குள் கறுத்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. பிடரியில் ஓர் ஐஸ் குத்தூசி பிடிவரை இறங்கியிருந்தது.

ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்தவன் குத்திப் பிடித்து மேலேறி வர உதவும் ஊசி அது. ஹெரிங் பே ஊரில் எல்லோர் கழுத்திலும் ஒன்று தொங்கும். ஆனால் இந்தப் பிடியைப் பார்த்தவுடனே மார்லிஸுக்கு ஆள் தெரிந்துவிட்டது. இரும்புத் தண்டின் மேல் கறுப்பு மெழுகுக் கயிறு, நடுவே ஒற்றை வெள்ளை இழை, மீன் செதில்போல் இரண்டு அடுக்குச் சுற்று. ஓரின் பெல்க்கி தனக்கென்று செய்துகொண்டது.

இருபது வருடங்களுக்கு முன் அவள் விரலில் மோதிரம் போட்டவனும் அதே ஓரின்தான். அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் வாரனைக் கட்டிக்கொண்டாள்.

பகல் 12.45.

துணை ஷெரீப் வெர்னா லுவோமா குடிலுக்குள் குனிந்து நுழைந்தாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரே குத்து. செத்து ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"ரத்தம்?"

"வெளிய வரவே இல்லைன்னு சொல்லலாம். ஊசியே அடைச்சிருக்கு."

வெர்னா பிடியை உற்றுப் பார்த்தாள். கயிற்றின் இடுக்குகளில் சிவப்பு படிந்திருந்தது. நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டாள்.

பிற்பகல் 2.10. ஸ்டேஷன்.

"இது யாரோடது, ஓரின்?"

"என்னோடதுதான். ஊருக்கே தெரியும், என்னை ஏன் கேக்கறே?"

"அங்க எப்படிப் போச்சு?"

"பத்து நாள் முன்னாடி அந்த ஓட்டையில விட்டுட்டேன். வாரனுக்கு மீன் குடுக்கப் போனேன். குனிஞ்சப்ப கழுத்துலேர்ந்து நழுவி பொளக்குனு உள்ள போயிடுச்சு. நேரா கீழ மூழ்கிக் கெடக்கற கப்பலுக்கு."

"யார் பார்த்தா?"

"வாரனும், அவன்கூட கப்பலுக்கு முங்கற டேலும். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சானுங்க."

"வாரன் வந்து சாட்சி சொல்ல மாட்டான்."

ஓரின் தலையைக் குனிந்துகொண்டான்.

"மார்லிஸை மறந்துட்டியா?"

"மறக்கலை. அந்த வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சா இன்னிக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. அதுக்குக் குத்தணும்னா இருபது வருஷம் எதுக்குக் காத்திருக்கணும், வெர்னா?"

பிற்பகல் 3.30. டேல் ரின்டாலாவின் கராஜ்.

டேல் தன் டைவிங் சூட்டை அலசிக்கொண்டிருந்தான். சிமெண்ட் தரையில் செங்கல் நிறத் தண்ணீர் ஓடியது.

"என்ன இது?"

"கப்பல் சரக்கறையில இறங்கினா இப்படித்தான். நூத்துச் சொச்சம் வருஷமா இரும்புத் தாது கெடக்குது. நம்ம ஏரில உப்புக் கிடையாது, குளிர் வேற. மரம் அப்படியே இருக்கு. தொட்டா மட்டும் சிவப்புப் புழுதி கிளம்பும்."

கிளாரா வென் என்ற அந்தக் கப்பலை வாரனும் அவனும் ஒன்பது கோடைக்காலம் தேடியிருந்தார்கள். போன இலையுதிர் காலத்தில்தான் அகப்பட்டது. ஏரி உறைந்ததும், அதன் சரக்கறை வாசலுக்கு நேர் மேலே ஓட்டை வெட்டிக் குடில் போட்டார்கள்.

"நீங்க ரெண்டு பேருமா இறங்குவீங்க?"

"ஜனவரில வாரனுக்குக் காது ஜவ்வு கிழிஞ்சுபோச்சு. டாக்டர் தண்ணிப் பக்கமே போகாதேன்னுட்டார். மூணு வாரமா நான் ஒருத்தன்தான் இறங்கறேன். அவன் மேல உட்கார்ந்து கயிறு பிடிப்பான்."

"இன்னிக்கு?"

"போகலை. சூட்டுல கசிவு. ஒட்டிக்கிட்டிருந்தேன்."

"ஓரினோட குத்தூசி அந்த ஓட்டையில விழுந்துச்சாமே?"

"யார் சொன்னா? நான் பார்க்கலை. கீழயும் என் கண்ணுல படலை. பொய் சொல்றான்."

"அப்படியே எழுதிக்கட்டுமா?"

"தாராளமா."

மேசைமேல் வெள்ளிக்கிழமைப் பேப்பர் விரிந்திருந்தது. 'கிளாரா வென்னைக் கண்டுபிடித்தார் ஹாப்பலா.' கீழே சின்ன எழுத்தில், 'உதவியாளர் டேல் ரின்டாலா.' உதவியாளர் என்ற சொல்லைச் சுற்றிப் பேனா பல தடவை ஓடி, தாளே கிழிந்திருந்தது.

மாலை 5.00. ஸ்டேஷன்.

குத்தூசியைப் படம் எடுத்தாயிற்று. கைரேகை இல்லை, பிப்ரவரியில் கையுறை போடாதவன் யார்? வெர்னா அதை ஓரின் முன் வைத்தாள். டேல் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"பிரி."

ஓரின் முடிச்சைத் தேடிப்பிடித்து நெகிழ்த்தினான். மேலடுக்கு கழன்றது. உள்ளடுக்கு முழுவதும் சிவப்புச் சேறு அப்பியிருந்தது. வெர்னா கயிற்றைத் தண்ணீர்க் கிளாஸில் முக்கினாள். தண்ணீர் செங்கல் நிறமானது.

"எல்லாரும் இதை ரத்தம்னு நினைச்சோம்" என்றாள். "ரத்தம் வெளியவே வரலைன்னார் டாக்டர். வந்திருந்தாலும் இந்நேரம் காஞ்சு கறுத்திருக்கும். இது தாது. இப்ப சுரங்கத்துலேர்ந்து வர்ற தாது சாம்பல் நிற உருண்டை. இந்தச் சிவப்புப் பொடி நம்ம ஊர்ல ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. அந்தச் சரக்கறையில ஊறிக் கிடந்தாத்தான் உள்ளடுக்கு வரைக்கும் ஏறும். ஓரினுக்கு நீச்சலே தெரியாது. வாரனுக்குக் காது போச்சு. குத்தூசி விழுந்தப்புறம் கீழ போய் வந்தது நீ ஒருத்தன். கண்ணுலயே படலைன்னு ஏன் சொன்னே, டேல்?"

டேல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதன்கிழமை எடுத்தேன்" என்றான் கடைசியில். "ஓரின்கிட்ட குடுக்கத்தான் பையில போட்டேன். வெள்ளிக்கிழமை பேப்பர் வந்துச்சு. உதவியாளராம்! கப்பலை முதல்ல தொட்டது இந்தக் கை. இன்னிக்குக் காலைல கேட்கத்தான் போனேன். 'சரி பண்ணிடலாம்டா'ன்னு திரும்பிக்கூடப் பார்க்காம சொன்னான். நான் என்னமோ அவன்கிட்ட பிச்சைக்கு நின்ன மாதிரி."

வெர்னா நோட்டைப் புரட்டினாள்.

"பேப்பர்காரங்ககிட்ட பேசினேன். காலைல ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு வாரன் அவங்களுக்குப் போன் பண்ணியிருக்கான். செய்தி தப்பு, திருத்திப் போடுங்கன்னு சண்டை பிடிச்சிருக்கான். திருத்தம் திங்கட்கிழமை வருது."

டேல் நிமிர்ந்தான்.

"என்னன்னு போடச் சொன்னான்?"

"'வாரன் ஹாப்பலாவும் டேல் ரின்டாலாவும் சேர்ந்து கண்டுபிடித்த கப்பல்'னு."

ஓரின் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்பவும்" என்றான் டேல், "அவன் பேருதானே முதல்ல?"