சுவையாவி

உமையாள் இட்லியை விண்டு சட்னியில் தோய்த்து வாயில் வைத்தாள். மேசைக்கு எதிரே அவள் கணவர் நாச்சியப்பன் கண்ணை மூடி, மூக்கை முன்னால் நீட்டி, ஆழமாக மூச்சை இழுத்தார்.

"மெதுவா மெல்லு. கொத்தமல்லி இன்னும் வரலை."

நாச்சியப்பன் நெடியோர் சங்கத்தின் தலைவர். நெக்தார் என்ற சாகாமருந்தைக் குடித்தவர்களை அமரர் என்று அழைக்கத்தான் முதலில் யோசித்தார்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் நினைவுக்கு வந்ததால் நெடியோர் ஆக்கினார்கள். ஒரு புட்டி போதும். அதிலுள்ள நுண்துகள்கள் இரத்தத்தைப் பொன்னீராக மாற்றிவிடும். அதன்பின் மூப்பு, பிணி, சாவு கிடையாது. கிரேக்கக் கடவுள்கள் குடித்த பானத்தின் பெயர், அவர்கள் உடம்பிலும் ஓடியது இரத்தமல்ல என்றெல்லாம் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். அதே கடவுள்கள், பூமியில் மனிதர்கள் பலியிட்டுச் சுட்ட கொழுப்பின் புகைக்காக மேலே காத்துக் கிடந்த கதையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

குடித்த பிறகுதான் தெரிந்தது. நெடியோருக்கு இரைப்பை சுருங்கி, நாக்கு மரத்துவிடும். பசித்த ஒருவர் அருகில் உட்கார்ந்து மெல்லும்போது அவர் மூச்சோடு வெளிவரும் சுவையாவிதான் பொன்னீரை ஓடவைக்கும். தட்டில் சும்மா கிடக்கும் சோறு உதவாது. யாராவது அதைச் சாப்பிட வேண்டும். வேளைக்குக் கிடைக்காவிட்டால் நெடியோர் சாகமாட்டார்கள், ஊறிய அப்பளம்போலத் தொய்ந்து கிடப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் விட்டு ஒருவர் நெடியோர் உட்கார, "கூச்சப்படாம முகருங்க" என்று உபசரிப்பது வழக்கமாகிவிட்டது.

உமையாளுக்கும் ஒரு புட்டி ஒதுக்கியிருந்தார்கள். குடும்பத் தலைவரின் கைரேகைக்கு மட்டுமே திறக்கும் குளிர்பெட்டியில் அது நான்கு வருடமாக இருக்கிறது. அறுபது நிறைந்துவிட்டால் உடம்பு ஏற்காது. அவளுக்கு நாளை அறுபது நிறைகிறது.

"ஏங்க, இன்னிக்காவது பெட்டியைத் திறப்பீங்களா?"

நாச்சியப்பன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். சந்திராஷ்டமம், அஷ்டமி, கரிநாள் எல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

"இன்னிக்கு மரணயோகம் போட்டிருக்கு உமையா."

"மரணயோகத்துல குடிச்சா என்ன, செத்தா போயிருவேன்? நீங்க குடிச்சது ராகுகாலத்துல. மேடைக்கு மந்திரி வந்துட்டாருன்னு மடக்குன்னு குடிச்சீங்க."

"நீ எதுக்கு அவசரப்படுற? சாவுதான் வாழ்க்கைக்கே அர்த்தம் குடுக்குது. சங்கத்துல பேசினேனே, கேட்கலையா?"

"கேட்டேன். சாகாதவங்க எல்லாரும் கைதட்டினாங்க."

பாதி இட்லியோடு எழுந்து கையைக் கழுவினாள்.

"எங்க போற? இன்னும் மூணு இருக்கே!"

"எனக்குப் பசிக்கலை."

மதியம் சோறு வடித்தாள், அரிசி களைந்த நீரில் புளி கரைத்து வெண்டைக்காய் மண்டி வைத்தாள். மூடிவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் போய் உட்கார்ந்தாள். நாச்சியப்பன் தாமே பரிமாறித் தட்டை அவள் மடியருகே நீட்டினார்.

"ஒரு வாய். உனக்குப் பிடிச்ச மண்டி."

"பெட்டி."

நாலு மணிக்கு அவர் தலை கழுத்தில் நிற்கவில்லை. சோபாவில் சரிந்தபடி, சங்கத் தலைவர் தோரணையெல்லாம் போய், உள்ளதைச் சொன்னார்.

"நீயும் குடிச்சுட்டா எனக்காக யாரு சாப்பிடுவா?"

"நான் செத்த பிறகு யாரு சாப்பிடுவா?"

"அதுக்குத்தான் இன்னும் இருபது வருஷம் இருக்கே. பார்த்துக்கலாம்."

உமையாள் தொலைக்காட்சியை அணைத்தாள். பிறகு அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, பெட்டிவரை நடத்திப் போய், அவர் கட்டைவிரலை எடுத்துப் பூட்டின்மேல் வைத்து அழுத்தினாள். புட்டியை அங்கேயே நின்று குடித்தாள். ஒரு மணி நேரத்தில் அவள் நகக்கண்களில் பொன் நிறம் ஏறியது.

பழக்கதோஷத்தில் மண்டியைச் சுடவைத்து மேசையில் வைத்தாள். எதிரே நாச்சியப்பன் மூக்கை நீட்டினார். அவளும் நீட்டினாள். நடுவில் மண்டி ஆறிக்கொண்டிருந்தது.

இருவருக்கும் ஒரே நேரத்தில் டிரைவர் சந்தனம் நினைவு வந்தது. அந்தத் தெருவில் நெக்தார் குடிக்காதவன் இனி அவன் ஒருவன்தான். இத்தனை வருடமும் கார் ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு நாச்சியப்பன் தம் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உள்ள வாப்பா சந்தனம். இலை போட்டாச்சு."

சந்தனம் வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சுக்கங்கய்யா. வக்கீலய்யா வீட்டுல பொங்கல் வச்சாங்க. டாக்டரம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி பிரியாணி போட்டாங்க. உங்க சங்கத்துப் பொருளாளர் பணியாரத்தோட கேட்டுல நிக்கிறாரு. அவரையே நாளைக்கு வாங்கன்னுட்டேன்."

"ஒரே ஒரு வாய், தம்பி" என்றாள் உமையாள். அவளுக்கும் லேசாகத் தொய்வு கண்டிருந்தது.

"வயித்துல இடமில்லைம்மா. பசிச்சா வர்றேன்."

அவன் ஷெட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். கணவனும் மனைவியும் பூஜையறைக்குப் போய் விளக்கேற்றி, சந்தனத்துக்குப் பசிக்க வேண்டும் என்று கும்பிட்டார்கள். தெருவில் மற்ற வீட்டுப் பூஜையறைகளிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.