ஒற்றைத் தட்டு

மணி நான்கு அடித்தது. அடித்ததா என்றே சந்தேகமாக இருந்தது. போன வாரம் வரை ஒரு அடி விழுந்தால் அதன் ரீங்காரம் சதுக்கத்தைத் தாண்டி, பஸ் நிலையத்தைத் தாண்டி, ஆற்றுப் பாலம் வரைக்கும் போகும். இப்போது ஈர மூட்டையைத் தடியால் சாத்தினது போல ஒரு 'தொப்'. அப்புறம் இன்னொரு 'தொப்'. பின்னால் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் சுத்தமாக இல்லை. அடி விழுந்த இடத்திலேயே யாரோ அதன் வாயைப் பொத்தினது போல நின்றுபோனது.

கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அழுகை முட்டியது. துக்கம் ஒன்றும் இல்லை, ஆத்திரம். சுத்தியலைக் கழற்றித் தேய்த்தாயிற்று. மணி தொங்குகிற உத்தரத்தின் போல்ட்டுகளை முறுக்கியாயிற்று. புறா எச்சத்தைச் சுரண்டிச் சுரண்டி நகம் போனதுதான் மிச்சம். எல்லாம் சரியாக இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. பழுது இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஒழுங்காக அடி. இரண்டும் இல்லாமல் இப்படி உயிரை வாங்கினால் மனுஷி என்னதான் செய்வாள்?

உண்மையில் அவளும் தம்பியும் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள். கோபுரக் கடிகாரம் பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்று, "கம்பியும் எடையும்தானே மேடம், லிஃப்ட் மாதிரிதான்" என்று நகராட்சி இன்ஜினியர் இதை அவள் தலையில் கட்டிவிட்டிருந்தார். அந்த ஆள் காலையிலிருந்து போன் மேல் போன். சாயங்காலம் ஆறு மணிக்கு விழா. கோபுரத்தின் கீழ்க்கூடத்தில் உலகத்துக் கடிகாரக் கோபுரங்கள், மணிக் கோபுரங்கள் எல்லாவற்றின் படங்களையும் பெரிது பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார். லண்டன், பிராக், வெனிஸ், மாஸ்கோ. ஆறு அடித்ததும் கூடத்தைத் திறப்பதாக ஏற்பாடு. ஆறு அடி கணீரென்று விழவேண்டும், அவ்வளவுதான் அவருக்குக் கவலை.

தம்பி அந்தப் படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே பின்னால் வந்தான். லண்டன் மணியில் விரிசல் விழுந்தும் அதைத் திருப்பி வைத்து இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிராக் கடிகாரம் செய்தவனின் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை. கொரியாவில் ஒரு பெரிய மணி. எத்தனை தடவை வார்த்தும் ஓசை வராமல், கடைசியில் உருக்கிய உலோகத்தில் ஒரு குழந்தையைப் போட்டார்களாம். அதற்கப்புறம்தான் மணி பேசியதாம்.

"எல்லா ஊர்லயும் நம்ம தொழில்காரனை ஒருவழி பண்ணிருக்காங்கக்கா," என்றான். "நம்ம இன்ஜினியர் எவ்வளவோ தேவலாம். போன்லதான் கொல்றாரு."

அவள் சிரிக்கவில்லை. இன்ஜினியர் நேற்று இதே கொரிய மணியின் படத்துக்கு முன்னால் நின்று, நம் மணிக்கு மட்டும் சொல்லிக்கொள்ள ஒரு கதையும் இல்லையே மேடம் என்று அங்கலாய்த்தது நினைவுக்கு வந்தது. கதை இல்லாததுதான் இப்போது குறைச்சல்.

வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கடிகார அறைக்கு ஏறியபோது நான்கு பக்கத்து முகப்புக் கண்ணாடிகளும் பால் ஊற்றினதுபோல வெளுத்திருந்தன. நடுவில் இரும்புச் சட்டத்தில் கடிகாரம். அதிலிருந்து ஒரு கம்பி, கூரையில் இருக்கும் இரும்புக் குழாய் வழியாக மேலே மணி அறைக்குப் போகிறது. கடிகாரம் கம்பியைக் கீழே இழுத்தால் மேலே சுத்தியல் தூக்கும், விட்டால் மணியில் விழும். ஆளுயரச் சுத்தியல். அதன் பாதையில் ஒருத்தர் நிற்கும்போது விழுந்தால், அள்ளி எடுக்கவேண்டியதுதான்.

அதனால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. லிஃப்ட் குழியில் வேலை செய்து வந்த பழக்கம். மேலே ஒருவர் போனால் கீழே இருப்பவர் கம்பியைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். தடித்த தளத்தைத் தாண்டிப் பேச்சு கேட்காது என்பதால் குழாயில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால், இன்னும் இங்கேதான் இருக்கிறேன், எதையும் தொடாதே. இரண்டு தட்டு என்றால், ஒதுங்கிவிட்டேன், மாட்டலாம். இரண்டு தட்டு கேட்கிறவரை கீழே இருப்பவர் இயந்திரத்தை விட்டு நகரவே கூடாது. முன்பு ஒரு தடவை, உடன் வேலை செய்த ஒருவன் ஒரு நிமிஷம் நகர்ந்ததில், குழிக்குள் இருந்தவனுக்கு இரண்டு காலும் போயிற்று. அதை நேரில் பார்த்தவள் அவள்.

தம்பி பாக்கெட்டில் இருந்த போனை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, மரச் சுத்தியையும் டார்ச்சையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினான். அவள் கம்பியைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மணியைச் சுற்றித் தட்டிப் பார்த்து, எங்காவது மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவேண்டும். மரச் சுத்தியின் சத்தம் மெல்லக் கேட்க ஆரம்பித்தது. 'தொப்'. கொஞ்சம் நகர்ந்து 'தொப்'. எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்.

கொஞ்ச நேரத்தில் மேல்வாசல் பலகை திறந்தது. தம்பியின் தலை தெரிந்தது. இந்தக் குளிரில் அவன் நெற்றி வேர்த்திருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றியிருந்தான்.

"விரிசல் இல்லக்கா. ஆனா மணி வெதுவெதுன்னு இருக்கு."

"ஹீட்டர் ஏதாவது ஓடுதா?"

"இங்க ஏதுக்கா ஹீட்டர்." அவன் கொஞ்சம் தயங்கினான். சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வரவில்லை. "கையை வெச்சா எடுக்க மனசு வரல."

அவளுக்குச் சுருக்கென்றது. உடனே எரிச்சலும் வந்தது. இவனுக்கு விளையாட இதுதான் நேரமா? போன மாதம் ஒரு அடுக்குமாடியில் இப்படித்தான், குழிக்குள் உட்கார்ந்து ஒற்றைத் தட்டாகத் தட்டிக்கொண்டே வடை தின்றுகொண்டிருந்தவன். கீழே இவள் கால் கடுக்க நின்றாள். வேண்டாம், இறங்கி வா என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் போன் அடித்தது. இன்ஜினியர்.

"போய் முடிச்சுட்டு வாடா சீக்கிரம்," என்றாள்.

பலகை மூடியது.

ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், நாற்காலி எல்லாம் போட்டாயிற்று, சத்தம் வருமா வராதா ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று இன்ஜினியர் பிடித்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். இதையேதான் காலையிலிருந்து சொல்கிறீர்கள் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் வெளிச்சம் பாதி குறைந்திருந்தது. கண்ணாடிகளில் வெள்ளை போய்ச் சாம்பல் ஏறியிருந்தது. ஊசல் ஒருபக்கம் போய், யோசித்து, மறுபக்கம் வந்தது. எண்ணெய் வாசனையோடு வேறொரு வாசனையும் அறைக்குள் இறங்கியது. பட்டறையில் பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கும்போது வருமே, அது. அது எங்கிருந்து வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், மரச் சுத்தியின் சத்தம் நின்றுபோய் வெகுநேரம் ஆகிவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது.

குழாயில் தானே தட்டினாள். இருக்கிறாயா?

பதில் உடனே வந்தது. ஒரு தட்டு.

சரி, இருக்கிறான். மூச்சு வந்தது. கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

தம்பியின் போன் அடித்தது. அவன் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணி. டாக்டரிடம் போகவேண்டும், ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சொன்னவர் எங்கே அண்ணி என்று கேட்டாள். மேலே இருக்கிறான், இதோ இறங்கிவிடுவான், நானே கையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வைத்தாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு தட்டு. வைத்ததும் ஒரு தட்டு.

"தெரியுதுடா," என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு தட்டு.

"தொடலடா. கையிலதான் வெச்சிருக்கேன்."

ஒரு தட்டு. ஒரு தட்டு. ஒன்று முடிந்து சற்று விட்டு இன்னொன்று, நிறுத்தாமல். இது என்ன அழிச்சாட்டியம்! ஒருதரம் சொன்னால் போதாதா? ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. கீழே ஜனக்கூட்டத்தின் இரைச்சல், மைக் சோதிக்கிற கரகரப்பு, குழந்தைகள். பொண்டாட்டி அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள். இவன் மேலே உட்கார்ந்து அக்காவோடு விளையாடுகிறான். இறங்கி வரட்டும், கன்னத்தில் ஒன்று வைக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏணியைப் பார்த்தாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. போகக் கூடாது. அவன் மேலே இருக்கிறான். கீழே இருப்பவள் நகரக் கூடாது.

ஒரு தட்டு.

இந்தத் தடவை மெல்லிதாக. விரல் கணுவால் தட்டுவதுபோல.

ஒரு தட்டு.

அதைவிட மெல்லிதாக. குழாயின் வழியாக வருவதுபோல இல்லை. குழாய்க்கும் அந்தப் பக்கத்திலிருந்து, ஏதோ தடிமனான ஒன்றுக்கு உள்ளேயிருந்து.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்களிடம் இருந்தது இரண்டே விதமான தட்டு. இருக்கிறேன் என்பதற்கு ஒன்று. ஒதுங்கிவிட்டேன் என்பதற்கு இன்னொன்று. அக்கா, வா, என்னைக் காப்பாத்து என்பதற்குத் தட்டு கிடையாது. அப்படிச் சொல்லவேண்டுமானால் அவன் எப்படிச் சொல்வான்? ஒன்றைத்தான் திரும்பத் திரும்பத் தட்டுவான்.

ஒரு தட்டு.

அதற்கப்புறம் இல்லை.

அவள் கடிகாரத்தின் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினாள். சக்கரங்கள் நின்றன. அறை முழுக்க நிசப்தம். கம்பி கையில் இருக்கிறது, கொக்கி காலியாக இருக்கிறது, கடிகாரமும் நின்றாயிற்று. இனி எதுவும் அடிக்க முடியாது. இனி அவள் போகலாம்.

கையில் விறைப்பாக இருந்த கம்பி தளர்ந்தது.

தளர்ந்து, வளைந்து, அவள் மணிக்கட்டின் மேல் விழுந்தது. கம்பி தளர்ந்தால் மேலே சுத்தியலை யாரோ கையால் தூக்கியிருக்கவேண்டும்.

"டேய், கையை எடுடா. அதைத் தொடாதே!"

கம்பி விண்ணென்று இழுபட்டது.

மணி அடித்தது.

கணீரென்று. இத்தனை காலத்தில் அவள் கேட்டேயிராத ஓசை. தேனாக, முழுசாக, எலும்புக்குள் இறங்குகிற மாதிரி. கண்ணாடிகள் அதிர்ந்தன. கீழே சதுக்கம் மொத்தமும் ஒரே குரலில் "ஒண்ணு" என்று எண்ணிக் கைதட்டியது. தரையில் கிடந்த அவள் போனில் இன்ஜினியரின் பெயர் மின்னிக்கொண்டே இருந்தது.

அவள் ஏணியில் ஏறினாள். கால் வழுக்கியது. முழங்கால் இடித்தது. பலகையைத் தோளால் தள்ளித் திறந்தாள்.

டார்ச் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மரச் சுத்தி. கழற்றி வைத்த ஸ்வெட்டர். நான்கு ஜன்னல்களிலும் புறாவுக்காக அடித்த வலை, ஒரு கண்ணிகூட அறுபடாமல். சுற்றி வந்தாள். ஒளிய இடமே இல்லாத அறை. மண்டியிட்டு மணிக்குள் டார்ச் அடித்தாள். ஒன்றுமில்லை. வெறும் வெண்கலம்.

"தம்பி."

அடித்த அடியின் ரீங்காரம் இன்னும் அடங்கவில்லை. இத்தனை நேரம் நிற்காது. அடங்கவேண்டியது ஏறியது. பின்பு தணிந்தது. மறுபடி ஏறியது. ஓடிவந்து மூச்சிரைக்கிறவனைப் போல.

மணியில் கை வைத்தாள். வெதுவெதுப்பு. காய்ச்சல் கண்ட பிள்ளையின் முதுகு. உள்ளங்கைக்குக் கீழே, உலோகத்துக்குள், ஏதோ அவள் கைப்பக்கமாக ஒதுங்கி வந்தது. மறுபக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவள் கையோடு ஒட்டியது. அளவு தெரிந்தது. சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடித்துக்கொண்டு போன கை.

பின்னால் இரும்பு முனகியது.

திரும்பினாள். சுத்தியல் தானாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. பாய்ந்து அதைக் கட்டிப் பிடித்துத் தொங்கினாள். அது அவளையும் சேர்த்துத் தூக்கியது. குதிகால் தரையை விட்டது. விரல்கள் நழுவின. கீழே விழுந்தாள்.

அடி உலோகத்தில் விழும். அவன் உலோகத்தில் இருக்கிறான்.

இன்னும் ஐந்து.

எழுந்தாள். சுத்தியலுக்கும் மணிக்கும் நடுவில் நுழைந்தாள். இரண்டு கையையும் விரித்து, கன்னத்தை வெண்கலத்தில் பதித்து, முதுகைக் காட்டிக்கொண்டு அவனை மூடி நின்றாள். உள்ளே மூச்சிரைப்பு நின்றது. அவனும் காத்திருந்தான்.

கீழே சதுக்கத்தில் கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் சுத்தியல் உச்சிக்குப் போய் நின்றது.