வெள்ளையடித்த துறைமுகம்

பிற்பகல் 1.55.

ஹபீப் முகம்மது வாத்தியார் ஜும்ஆ முடித்து ஆர்கைல் ரோட்டுக்குத் திரும்பியபோது, விருந்தாளியாக வரச் சொல்லியிருந்த பரமநாதன் வாசலிலேயே நின்றிருந்தார். இருவரும் பேசிக்கொண்டே மாடியேறினார்கள். மாடிக்கூடத்தின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே அடியெடுத்து வைத்த வாத்தியாருக்குப் பேச்சு நின்றுபோயிற்று.

பன்னிரண்டடி அகலமும் ஒன்பதடி உயரமுமான படுதாவில் அன்று காலை பினாங்குத் துறைமுகம் இருந்தது. அலைகளும் தொங்கான் படகுகளும் கரையோரக் கிடங்குகளும் அவற்றுக்குப் பின்னால் பெருநிலத்து மலைகளும் இருந்தன. இப்போது வெள்ளை மட்டுமே இருந்தது. மூலைக்கு மூலை யாரோ வெள்ளையடித்திருந்தார்கள்.

அதன் முன்னால் இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளையை அப்பிக்கொண்டு நின்றிருந்தான் ஜபருல்லா.

"நான் செய்யல வாத்தியாரே. தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான் லா."

இதைவிட நம்ப முடியாத பதிலை ஒருவன் யோசித்து வைத்துக்கொண்டு வந்தாலும் சொல்ல முடியாது. வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

1935ஆம் ஆண்டு மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை அது. அந்த மாடியில் நடந்தது நாடக மேடைக்குப் படுதா எழுதவும் தந்திரக் காட்சி அமைக்கவும் சொல்லித்தருகிற பள்ளிக்கூடம். ஐந்தே மாணவர்கள். வருடா வருடம் நாடகக் கம்பெனி முதலாளி முகம்மது சுல்தான் வந்து, அவர்கள் செய்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்தவரையும் சம்பளத்துக்குத் தம்மோடு கப்பலேற்றிக்கொண்டு போவார். இந்த வருடம் கடைசிவரை நின்றது இரண்டு பேர். மற்ற மூவரும் ஊரில் நோட்டீஸ் ஒட்டப் போயிருந்தார்கள். முதலாளி நான்கு மணிக்கு வருகிறார். ரங்கூன் கப்பல் ஆறு மணிக்கு.

துறைமுகப் படுதா தவமணி எழுதியது. ஜபருல்லா செய்தது விளக்கு. வரிசையாகப் பல்புகள், பக்கத்தில் உப்புத் தண்ணீர் ஜாடி. ஜாடிக்குள் ஈயத் தகட்டை இறக்க இறக்க வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமாகக் கூடி விடியற்காலை வரும். தூக்கத் தூக்க அந்தி சாயும். நல்ல வேலைதான். ஆனால் படுதாவைப் பார்த்த கண் விளக்குப் பக்கம் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஜபருல்லாவுக்கும் தெரியும்.

போலீசுக்கு எழுதத்தான் வேண்டும் என்றார் வாத்தியார். எட்டு மாத உழைப்பு, அதுவும் ஒரு பெண்பிள்ளையின் உழைப்பு. இதை மூடி மறைத்தால் அவள் தகப்பன் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டார். பரமநாதன் போலீஸ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். பத்தொன்பது வருடமாகச் சாட்சிகள் தமிழில் சொல்வதைத் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்பவர். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. ஆகவே புகாரை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

அவர் மேசையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்து, மேலே ஜபருல்லாவின் பெயரை எழுதினார். அதற்குமேல் பேனா ஓடவில்லை. இந்தத் தாள் ஸ்டேஷனுக்குப் போனால் பையனுக்குக் கப்பலும் இல்லை, பள்ளியும் இல்லை. மறுபடி அவன் தகப்பன் கடையில் சோறு அள்ளிப் போட வேண்டியதுதான், அதுவும் போலீஸ் விட்டால். பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

2.10.

பரமநாதன் வாத்தியாரிடம் கேட்ட கேள்விகள் சுருக்கமாகவே இருந்தன. கதவை எப்போது பூட்டினீர்கள்? பன்னிரண்டு நாற்பதுக்கு. யார் யார் இருந்தது? நானும் இவனும் தவமணியும். மூவரும் சேர்ந்தே இறங்கினோம். அவள் அடுத்த தெருவில் சின்னம்மா கனகேஸ்வரி வீட்டுக்குச் சாப்பிடப் போனாள், நாங்கள் பள்ளிவாசலுக்குப் போனோம். சாவி? கீழே ஹனீபா டீக்கடைத் தூணில் ஆணியில் தொங்கும், எப்போதும் அங்கேதான். ஹனீபா? அவரும் தொழுகைக்கு. கடை அடைப்பு, தெருவே காலி.

"நீ எத்தனை மணிக்குத் திரும்பி வந்தாய், தம்பி?"

"ஒன்னு முப்பத்தஞ்சு சார். பர்ளு தொழுகை முடிஞ்சதும் வந்துட்டேன். பல்பு ஒன்னு சரியில்ல, அதப் பார்க்கலாம்னு."

"வரும்போது இது ஈரமாக இருந்ததா?"

"கையில ஒட்டுச்சு சார்."

வாத்தியார் வந்தது ஒன்று ஐம்பத்தைந்துக்கு. இருபது நிமிடம் தனியாக இருந்திருக்கிறான். அகலமான தூரிகையும் அவசரமும் இருந்தால் அந்த நேரத்தில் வெள்ளையடித்துவிடலாம். ஒழுங்காக அழுது தொலைத்தாலாவது இவனுக்காகப் பேச ஓர் இடம் கிடைக்கும். இவனோ அந்த நேரத்திலும் உப்பு ஜாடியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரமநாதன் பின்கட்டுக்குப் போனார். வண்ணம் கலக்கும் இடம் அது. வஜ்ஜிரம் காய்ச்சும் அடுப்பில் நேற்றைய சாம்பல். வஜ்ஜிரம் என்பது மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. அதில் குழைத்தால்தான் வண்ணப்பொடி துணியில் பிடிக்கும். சட்டியில் அது கட்டியாக உறைந்திருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சன்னல் ஆணியில் இரண்டு பெரிய தூரிகைகள், மயிர் கீழ்நோக்கி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கின.

"இந்தச் செம்பு?"

தவமணியுடையது என்றார் வாத்தியார். சைவக் குடும்பம், மாட்டுத் தோல் பசையைத் தொடமாட்டாள். புளியங்கொட்டையை வறுத்து அரைத்துக் காய்ச்சி வீட்டிலிருந்தே கொண்டுவருவாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் நீலத்தைப் பார்த்துவிட்டு யாரும் சிரிக்கவில்லை.

"ஜபருல்லா தூரிகை கழுவுகிறவனா?"

வாத்தியாருக்கு அந்த நிலையிலும் எரிச்சல் வந்தது. "அவனா? மூணு வருஷமா இதுக்குத்தான் திட்டு வாங்குறான். காஞ்ச தூரிகைய உடைச்சுப் போட்டுட்டுப் புதுசு கேப்பான்."

2.20.

தவமணி படியேறி வந்தாள். பத்தொன்பது வயது. துறைமுக ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா விநாசித்தம்பியின் மகள். வீட்டில் இதற்குப் பெயர் 'படம் கீறுகிற வகுப்பு'. நாடகம் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. வாத்தியார் பழைய டிராயிங் மாஸ்டர், வயதானவர் என்பதால் தகப்பன் அனுப்பி வைத்திருந்தார். அடுத்த மாதம் தைப்பிங் மாப்பிள்ளையோடு கல்யாணம். பரமநாதன் விநாசித்தம்பியின் சிநேகிதர். கல்யாணப் பத்திரிகை அவர் வீட்டு மேசைமேலேயே கிடக்கிறது.

அவள் படுதாவை ஒரு தரம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜபருல்லாவைப் பார்த்தாள், அவன் கைகளைப் பார்த்தாள், மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது. யார் செய்தது என்று அவள் கேட்கவே இல்லை.

பரமநாதனின் மனதுக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் என்றது. அதை அடக்கிக்கொண்டு படுதாவின் கீழ்மூலையில் குந்தி நகத்தால் சுரண்டினார். வெள்ளை, அவித்த முட்டையின் உள்தோல் மாதிரி ஒரு மெல்லிய ஏட்டோடு கழன்று வந்தது. அடியில் நீலம் துளிகூடக் கெடாமல் இருந்தது. கழன்ற ஏட்டை மூக்கருகே கொண்டுபோனார். மாட்டுத் தோல் வாடை இல்லை. அவர் வீட்டுப் பிள்ளைகள் பட்டம் ஒட்டுகிற புளியங்கொட்டைப் பசையின் வாசம்.

3.10.

பரமநாதன் வெகுநேரம் கூடத்தில் நடந்து யோசித்த பிறகு, வாத்தியாரையும் தவமணியையும் பின்கட்டுக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினார்.

"வாத்தியார், இதை ஜபருல்லா செய்யவில்லை. வெள்ளைக்கு அடியில் ஒரு பூச்சு இருக்கிறது. வெறும் பசை. அது காய்ந்த பிறகுதான் மேலே சுண்ணாம்புத் தூளைக் குழைத்துப் பூசியிருக்கிறது. இந்த வெயிலிலும் அது காய அரைமணி வேண்டும், உங்களுக்கே தெரியும். அவனுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். நீங்கள் பூட்டிவிட்டு இறங்கியதும் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்த ஆள் செய்தது."

"அடியில எதுக்குப் பசை?" என்றார் வாத்தியார்.

"படம் கெடாமலிருக்க. பின்னால் ஒருநாள் வெள்ளையை உரித்தெடுக்கலாம். எதிரி அப்படிச் செய்வானா? நாம் எல்லோரும் வெள்ளையையே பார்த்தோம், கழுவி மாட்டிய தூரிகையைப் பார்க்கவில்லை. அழிக்க வந்தவன் போட்டுவிட்டு ஓடுவான். இங்கே வந்த ஆள் செம்பை விளக்கிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது." அவர் தவமணியின் பக்கம் திரும்பினார். "ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனி?"

அவள் மறுக்கவில்லை. சின்னம்மா வீட்டில் தலையிடி என்று சொல்லி உள்ளறையில் படுத்ததாகவும், பின்வாசலால் வந்ததாகவும் சொன்னாள். பிறகு காரணத்தையும் சொன்னாள். போன வருடம் நிபோங் திபால் தோட்டத்து மேற்பார்வைக் கண்டக்டரின் மகனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் வீட்டில் விடவில்லை. முதலாளியோ இரண்டாவது ஆளை எடுத்துக்கொள்கிற வழக்கமில்லை என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு கப்பலேறிவிட்டார். அந்த இடம் யாருக்குமில்லாமல் போயிற்று.

"என்ரை படுதா நிண்டால் என்னைத்தான் கூப்பிடுவினம், மாமா. நான் போகேலாது. நீங்களே சொல்லுங்கோ, போகேலுமோ? அவருக்கும் இல்லாமல், எனக்கும் இல்லாமல்... அதுக்குப் படமே இல்லாமல் அவராவது போகட்டும் எண்டு நினைச்சன். அவரிலை பழி விழுமெண்டு யோசிக்கேல்லை."

அப்பாவிடம் தாம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார் பரமநாதன். சொல்லும்போதே அது எவ்வளவு சொத்தையான வார்த்தை என்று அவருக்கே தெரிந்தது. விநாசித்தம்பி காது கொடுத்துக் கேட்பார், கோப்பி கொடுப்பார், கல்யாணத்தை ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளுவார். உண்மையைச் சொன்னால் ஒரு முஸ்லிம் பையனுக்காகக் குமாஸ்தா மகள் இப்படிச் செய்தாள் என்று ஊர் வேறு கதை கட்டும். சொல்லாவிட்டால் அந்தப் பையன் தலையில் பழி நிற்கும். கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாத்தியார் வண்ணப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

3.45.

கூடத்துக்குத் திரும்பியபோது உள்ளே இருட்டாக இருந்தது. ஜபருல்லா சன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தான். போலீஸ் வருவதற்குள் தன் விளக்கை ஒரு தரமாவது முழுசாக எரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. பல்பு வரிசை படுதாவின் பின்னால் இருந்தது. தகட்டை ஜாடிக்குள் இறக்கினான்.

முதலில் வெள்ளை சாம்பல் நிறமாயிற்று. பிறகு அதற்குள்ளிருந்து மலைகள் வந்தன. கிடங்குகள் வந்தன, தொங்கான்கள் வந்தன, கடைசியில் தண்ணீர் மினுங்கியது. துணியில் ஊறிய அவள் சாயம், மேலே பூசிய மெல்லிய சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு ஒளிர்ந்தது. பனிமூட்டத்திலிருந்து ஊர் எழுந்து வருவதை அந்த அறையில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. எழுதிய அவளும் பார்த்ததில்லை. தவமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லாஹ்," என்றது வாசலில் ஒரு குரல்.

முகம்மது சுல்தான் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். வெள்ளைத் துணியில் பட்டணத்தை வரவழைக்கிற தந்திரத்தைப் பம்பாயில்கூடப் பார்த்ததில்லை என்றார். இன்னொரு தரம் காட்டச் சொன்னார். காட்டினார்கள். வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை, துணியும் விளக்கும் இன்றைக்கே கப்பலுக்குப் போகட்டும் என்றார்.

"யாரு கைவேலை இது?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். ஜபருல்லா வாயைத் திறந்தான். அதற்குள் தவமணி முந்திக்கொண்டாள்.

"அவர்தான் செய்தவர். ஜபருல்லா."

"இல்ல முதலாளி, இது..."

"விளக்கு இல்லாட்டி இது வெறும் வெள்ளைத் துணிதானே," என்றாள் அவள், அவனைப் பார்க்காமலே. அவன் அவளையும் பரமநாதனையும் மாறி மாறிப் பார்த்தான். பரமநாதன் மெல்லத் தலையசைத்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கப்பல் பாசுக்குப் பெயரும் வேலையும் ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் வேண்டும் என்றார் முதலாளி. மேசைமேல் பெயர் எழுதிய தாள் தயாராகவே இருந்தது. பரமநாதன் உட்கார்ந்து, தவமணி சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அதன் கீழே எழுதினார். பத்தொன்பது வருடத்தில் பொய் என்று தெரிந்தே அவர் மொழிபெயர்த்த சாட்சியம் எத்தனையோ உண்டு. எழுதி முடித்து மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்த்தது இதை மட்டும்தான்.

5.00.

விநாசித்தம்பி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். படுதா சுருட்டிக் கட்டி, ஜபருல்லாவோடு அப்போதே வண்டியேறித் துறைமுகத்துக்குப் போயிருந்தது. அவர் சிநேகிதரைக் கண்டு மகிழ்ந்து, பிள்ளை இவ்வளவு நாளாக என்னதான் கீறினாள், ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லையே என்று சிரித்தார்.

தவமணி ரிக்‌ஷாவில் ஏறித் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, செம்பை மடியில் வைத்துக்கொண்டாள். விநாசித்தம்பி அவள் விரல்களைக் கவனித்தார்.

"நகத்துக்குள்ளை என்ன பிள்ளை, வெள்ளையா?"

"சுண்ணாம்பு, அப்பா."

"வீட்டை போய்த் தேய்ச்சுக் கழுவு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாக்கள் வருகினம்."

அவள் சரியென்று சொன்னாள். ரிக்‌ஷா துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியது.