அக்காவின் வெள்ளை உடுப்பு

பெட்டியிலிருந்து எடுத்த நர்ஸ் உடுப்பு வெதுவெதுப்பாக இருந்தது. வாத்தியார் மனைவிக்கு அதுதான் முதலில் உறுத்தியது. வருடக்கணக்கில் மடிந்து கிடந்த துணி. வெளியே விடாத மழை, பெட்டிக்கடியில் தரையெல்லாம் ஈரம். ஆனாலும் யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனதைப் போல அக்குள் பக்கம் சூடு தங்கியிருந்தது.

உடுப்பு அவளுடைய அக்காவுடையது. அந்த அக்காவைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். போர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலில் குண்டு பாய்ந்து வந்த வாத்தியாரைப் பிழைக்க வைத்து, அவரோடு கல்யாணமும் பேசி முடித்தவள். ஆஸ்பத்திரிமேல் குண்டு விழுந்து மற்ற நர்ஸ்களோடு சேர்ந்து செத்தாள். சலவைக்குப் போயிருந்த இந்த ஒன்றுதான் மிச்சம். தங்கையும் அதே வேலைக்கு மனுப் போட்டவள்தான். உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டாளே தவிர, ஆள் கிடைத்தாரா என்பது வேறு விஷயம்.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துப் போகிறார்கள். விட்டது தொல்லை என்றிருந்தாள். வாத்தியார்தான் சாப்பிட்ட கையோடு வாயைத் திறந்தார்.

"காலரைக் கசக்கிடாத. அவ கஞ்சி போட்டா கத்தி மாதிரி நிக்கும்."

"நம்ம கல்யாணத்தன்னிக்கு நான் என்ன கலர் உடுத்தியிருந்தேன்? சொல்லுங்க பாப்போம்."

யோசித்தார். "வெள்ளை."

"பச்சைங்க."

"ஓ," என்றவர், முன்னறைச் சாய்வு நாற்காலியில் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த "ஓ"தான் அவளை உடுப்புக்குள் தள்ளியது. இதைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றால், அக்காவைப் பார்த்த பார்வையில் கால்வாசியாவது தன்மேல் விழாதா? நாளைக்கு அதற்கும் வழியில்லை.

அறைக் கதவைச் சாத்தினாள். இரண்டு பிள்ளை பெற்ற இடுப்பு, பொத்தான் தெறிக்கும் என்றுதான் நினைத்தாள். தெறிக்கவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் கஞ்சித்துணி மொறமொறவென்று என்னவோ முணுமுணுக்க, கார்பாலிக் சோப்பின் நெடியும் அதற்கும் கீழே வேறொருத்தியின் புது வியர்வையும் மூக்கில் ஏற, உடுப்போடிருந்த ஏப்ரனை மாட்டி நாடாக்களை முதுகுப் பக்கம் கொண்டுபோனாள். எட்டவில்லை.

அக்கா லீவில் வரும்போதெல்லாம் அளப்பாள்: "நாங்க யாரும் தானா கட்டிக்க மாட்டோம்டி. வரிசையா நிப்போம். பின்னால நிக்கறவ முன்னால நிக்கறவளுக்குக் கட்டிவிடுவா. முடிச்சு கோணினா மேட்ரன் கொன்னுடுவா!"

அந்த வரிசையை நினைத்து எத்தனை நாள் வயிறெரிந்திருக்கிறாள்.

கை சோர்ந்து நாடாக்களை விட்டாள்.

அவை விழவில்லை.

யாரோ பிடித்திருந்தார்கள். குளிர்ந்த விரல்கள். இழுத்தன. ஒரு சுற்று. இன்னும் இறுக்கி இன்னொரு சுற்று. முடிச்சை நேராக்கி இடுப்பில் லேசாகத் தட்டின, ஆயிற்று, நட என்பதுபோல். அதற்குப் பின்னால் இன்னொரு நாடா இறுகும் சத்தம். அதற்கும் பின்னால் இன்னொன்று.

கதவைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள்.

"என்னங்க!"

வாத்தியார் விழித்தார். முகம் மலர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த மலர்ச்சி.

"வந்துட்டியா?" என்றார்.

கண்கள் அவள் தோளுக்கு மேலே, பின்னால் இருந்தன.

உயிர் போகிற பயத்திலும் அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. திரும்ப முயன்றாள். கழுத்து திரும்பவில்லை. கத்தப் பார்த்தாள். மூச்சு இடுப்போடு நின்றது.

அப்போது அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு வெள்ளை முதுகு வந்து நின்றது. கருகிய கொண்டை. அதன் முன்னால் இன்னொரு முதுகு. இன்னொன்று. வாசல் தாண்டி, மழையில், தெருக்கோடி வரை.

எதிரே இரண்டு நாடாக்கள் அவிழ்ந்து தொங்கின.

அவளைக் கேட்காமலே அவள் கைகள் எழுந்தன.