ரொட்டிக்கு ஓடிய மாமாக்கள்

மார்னியின் வகுப்பில் யாரும் யாருக்கும் பக்கத்து வீடு இல்லை. எல்லோரும் தொலைதூர மாட்டுப் பண்ணைகளில் இருந்தார்கள். பள்ளிக்கூடமே கணினித் திரையில்தான் நடந்தது.

வெள்ளிக்கிழமை அவள் குழு வகுப்பின் முன் பேச வேண்டும். பண்ணைக் காற்றாடி நிலத்தடித் தண்ணீரை எப்படி மேலே இறைக்கிறது என்று விளக்க வேண்டும். குழுவில் மார்னி, டார்சி, புதிதாகச் சேர்ந்த ஜோசி என மூன்று பேர்.

ஜோசிக்குக் காது சரியாகக் கேட்காது. "நாம பேசுறது அவ திரையில எழுத்தா ஓடும், படிச்சுக்குவா" என்று ஹாலரன் டீச்சர் சொல்லியிருந்தார். அது போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் மூவரும் திரையில் கூடித் திட்டமிட்டபோது ஜோசி வாயே திறக்கவில்லை.

"சும்மா சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கா" என்றான் டார்சி, அவள் போன பிறகு. "டீச்சர்கிட்ட சொல்லி வேற குழுவுக்கு அனுப்பிடலாம்."

"இருடா, அவசரப்படாத."

மறுநாள் மூவரும் மறுபடி கூடியபோது, மார்னியின் அப்பா ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டரை ஓட்டினார். ஒரே இரைச்சல். டார்சி பேசியது காதில் விழவில்லை. மார்னியும் எழுத்து ஓடும் பொத்தானை அழுத்தினாள்.

திரையின் அடியில் இப்படி வந்தது: "காத்தான் சுட்டா தண்ணி வரும். மாமா எல்லாம் ரொட்டிக்கு ஓடி வரும்."

"டார்சி! நீ என்ன சொன்ன?"

டார்சி கத்தினான். "காத்தாடி சுத்தினா தண்ணி வரும்! மாடெல்லாம் தொட்டிக்கு ஓடி வரும்!"

"இங்க மாமா எல்லாம் ரொட்டிக்கு ஓடுறாங்கடா!"

"எந்த மாமா?"

மார்னிக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. இத்தனை நாளும் ஜோசி படித்தது இதைத்தானா?

மூவரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய இலவசப் பலகை ஒன்று இணையத்தில் இருந்தது. மார்னி அதைத் திறந்து இருவருக்கும் அனுப்பினாள். "ஜோசி, நாங்க பேசுறது புரியுதா?" என்று எழுதினாள்.

பலகையில் எழுத்துகள் மெல்ல முளைத்தன.

"பாதிதான். கேட்டா சிரிப்பீங்கன்னு பயந்தேன்."

டார்சி ஒற்றை விரலால் தட்டினான்: "மண்ணிச்சுக்கோ."

ஜோசி 'ண்ணி'யை அழித்து 'ன்னி' போட்டாள். பக்கத்திலேயே மீசை வைத்த மூன்று மாமாக்கள் ரொட்டியைத் துரத்துவதுபோல் வரைந்தாள். டார்சி விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்து அவள் தண்ணீர்க் குழாயை வரைந்தாள். "உள்ள இருக்கிற மூடி மேல் பக்கமாத்தான் திறக்கும். அதனாலதான் ஏறின தண்ணி கீழ இறங்காது. எங்க காத்தாடியைப் பிரிச்சப்போ பாத்தேன்."

"அடடா, நான் கீழ் பக்கம் திறக்கும்னு எழுதி வெச்சிருக்கேன்!" என்றான் டார்சி.

வெள்ளிக்கிழமை ஜோசியின் படத்தைக் காட்டி மார்னி விளக்கினாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிதானமாகப் பேசினாள். கேள்விகளுக்கு ஜோசி பலகையில் பதில் எழுதினாள்.

முடிந்ததும் வகுப்பே ஒன்றாகப் பாராட்டிக் கூச்சலிட்டது.

"ஷ்ஷ்! ஒவ்வொருத்தரா பேசுங்க, ஜோசி படிக்கணும்ல!" என்று ஒரு குரல் அதட்டியது.

அது, வழக்கமாக முதலில் கத்தும் டார்சியின் குரல். ஹாலரன் டீச்சர் காதில் விழுந்ததை நம்பாதவர்போல் தன் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.