ஏழாவது தட்டைப்பூச்சி

ஆறுதான் ஒட்டினேன் என்று அவன் முன்பு அடித்துச் சொல்லியிருப்பான். இப்போது முடியவில்லை. அன்று காட்டில் நடந்ததைக் காவலர்களிடம் ஒரு விதமாகவும், அருங்காட்சியகத் தலைவரிடம் கொஞ்சம் கூட்டியும், அண்ணியிடம் கொஞ்சம் குறைத்தும் சொல்லிச் சொல்லி, நடந்தது எது, சொன்னது எது என்ற கோடே அழிந்துபோயிருந்தது. ஆனால் அட்டையில் ஒட்டிய பூச்சிகளின் எண்ணிக்கையுமா மாறும்?

இழுப்பறையில் ஏழு இருந்தன.

விடுமுறை நாள். மூன்று மணிக்கே மழை இருட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்துருண்டையின் நெடிக்கு அடியில் இன்னொரு மணம், ஈரப் பட்டையும் பூஞ்சணமும் கலந்த, மூடிக் கிடந்த மணம், பெரிய அலமாரிக்குப் பின்னாலிருந்து சன்னமாக வந்துகொண்டிருந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. அதற்குள் எதுவும் இருக்க வழியில்லை.

மரப்பட்டைக்கு அடியில், தாள் நுழையும் இடத்தில் குடும்பம் நடத்துகிற பூச்சி அது. பட்டையின் நிறம், பட்டையின் சுருக்கம். தொட்டால் அசையாமல் கிடக்கும். இந்த வகை மண்ணைவிட்டுப் போய்க் கோடிக்கணக்கான வருஷமாகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சாட்சிக்கு இருந்தது ஒன்றே ஒன்று, அவன் மேசைமேல் இருக்கும் அம்பர் கல்லுக்குள், பிசினில் மாட்டி அப்படியே இறுகிப்போன ஒரு தட்டைப்பூச்சி. அண்ணன் அந்தக் கல்லை வெளிச்சத்தில் பிடித்துச் சிரிப்பார். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. இருபது வருஷம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்ததில் வந்த உறவு.

"நசுங்கினவனுக்குத்தான்டா ஆயுசு கெட்டி. தட்டையா இருந்துட்டா எங்க வேணாலும் நுழைஞ்சிடலாம்."

கதவு திறந்தது. அண்ணிதான். அருங்காட்சியகத்துக்குப் பூச்சிகளை வரைந்து கொடுப்பவர். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய அறை. காட்டில் மரம் விழுந்து அண்ணன் இறந்த பதினோராம் மாதம், அண்ணன் பெயரையே சூட்டிய பூச்சியை அண்ணிதான் வரைய வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். அது மரியாதை என்று எல்லோரும் சொன்னார்கள்.

"படம் முடிஞ்சுது தம்பி. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு."

"சொல்லுங்க அண்ணி."

"படத்துக்கு அடியில எழுதணுமேன்னு உங்க கட்டுரையைப் படிச்சேன். 'புதிதாக விழுந்த மரத்தின் அடிப்பக்கத்தில் கிடைத்தது'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"அன்னிக்கு அந்தக் காட்டுல எத்தனை மரம் விழுந்துது?"

பூச்சி கிடைத்த இடத்தை உள்ளபடி எழுத வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். எல்லோரிடமும் பொய் சொன்னவன், பழக்கதோஷத்தில் பூச்சியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"மரம் விழுறப்ப நான் வண்டிகிட்ட இருந்தேன், சத்தம் கேட்டதும் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தேன்னு சொன்னீங்க."

"எழுத்துப் பிழை அண்ணி. திருத்திடுறேன்."

"திருத்துங்க." அண்ணி படத்தை மேசைமேல் வைத்தார். "அப்படியே எண்ணிக்கையையும் திருத்திடுங்க. ஆறுன்னு எழுதியிருக்கீங்க. நான் ஏழு வரைஞ்சிருக்கேன். கடைசி கொஞ்சம் பெருசு."

கதவு சாத்திக்கொண்டது. தடுப்புக்கு அப்பால் நாற்காலி இழுபடும் சத்தம், கிண்ணத்தில் நீர் ஊற்றும் சத்தம்.

அன்று காட்டில் அண்ணன் கண்டுபிடித்தது பட்டுப்போன ஒரு மரம். அண்ணன் கத்தியால் பட்டையை உரித்தபடி, "டேய், கல்லுக்குள்ள இருந்தவன் உயிரோட இருக்கான்டா" என்று கத்தினார். அவன் ஓடி வரும்போது மரம் அண்ணன்மேல் சாய்ந்தது. அடிமரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை. அவன் மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். ஈரப் பட்டையில் ஆறு பூச்சிகள். அவற்றின் பக்கத்தில் அண்ணனின் விரல்கள்.

மழை வரப்போகிறது. பூச்சி ஓடிவிடும். முதலில் பிடித்தவனுக்குத்தான் புகழ்.

ஆறு பூச்சிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் கத்திப் பிடியால் அண்ணன் மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. ஆறாவதைப் பிடித்துக் குப்பியை மூடியபோது தட்டுவது நின்றிருந்தது.

'சேகரித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் எழுதினான்.

அவன் ஏழாவதை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தான். தலை சரி. கொம்புகள் சரி. வயிற்றின் ஓரம் சரி. காலுக்கு வந்தான். கால் நுனியில் இரண்டு கொக்கிகள் இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு.

இதற்கு இல்லை. நகம் இருந்தது. மழுங்கிய நகம். ஓரத்தில் மண்.

அவன் பின்வாங்கினான். முதுகு அலமாரியில் இடித்தது.

பின்னாலிருந்து மூன்று தட்டு.

மணம் கூடியது. ஈரப் பட்டை. பூஞ்சணம். 'அண்ணி' என்று கூப்பிட வாயெடுத்தான். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? இடைவெளியின் இருட்டு அசைந்தது. பழுப்பாக, சுருக்கம் சுருக்கமாக, அட்டை கனத்தில் ஏதோ ஒன்று சுவரோடு ஒட்டி வழிந்து வந்தது. அதற்கு ஓரம் இருந்தது. ஓரத்தில் விரல்கள்.

"நுழைஞ்சு பாருடா" என்றது. பழகிய குரல்தான். நசுங்கி, அகலமாக இருந்தது.

விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்தன. மென்மையாக. பூச்சியைப் பிடிப்பதுபோல.

மறுநாள் அலமாரியை நான்கு பேர் நகர்த்தினார்கள். சுவரில் ஒட்டியபடி அவனுடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. கண்ணாடி உடையவில்லை, தாள்போல் தட்டையாகியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. அலமாரியைப் பழையபடி தள்ளி வைத்தார்கள். கட்டுரை, அண்ணன் பெயரைச் சேகரித்தவராகப் போட்டு, அடுத்த மாதம் வெளிவந்தது. இழுப்பறையில் எட்டு இருக்கின்றன. அண்ணி இன்னும் அங்கேதான் வரைகிறார். மழை நாட்களில் தடுப்புக்கு அந்தப் பக்கம், அவன் அறை அலமாரிக்குப் பின்னாலிருந்து, தட்டும் சத்தம் கேட்கும். மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. அண்ணனின் கையில்லை அது, அண்ணி அறிவார். அவசரமான, பயந்த கை. அண்ணி தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, தட்டுவது நிற்கும்வரை, அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.